இரவு பத்து மணிக்கு ஊமையாகும் மானிட்டர்கள்: ஒரு மருத்துவமனை நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

உங்கள் மூன்றாம் மாடி வார்டின் கதவருகே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. "நோயாளிகளின் உறக்கம் கருதி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மானிட்டர்களின் ஒலி நிறுத்தி வைக்கப்படும்." கீழே உங்கள் முத்திரை. நோயாளியின் இதயத்துடிப்பைத் திரையில் காட்டி, அது தவறினால் அலாரம் அடிக்கும் கருவிதான் மானிட்டர். அந்தக் கதவுக்கு உள்ளே, என் அண்ணனின் கட்டிலருகே, இரண்டு இரவுகள் உட்கார்ந்திருந்தேன். அந்த இரவுகளில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு உங்கள் அலுவலகத்தில் கொடுத்து நாற்பது நாட்கள் ஆகின்றன. பதில் வரவில்லை. போன வாரம் அண்ணனின் பழைய ரிப்போர்ட் ஒன்றை வாங்க வந்தபோது மாடியேறிப் பார்த்தேன். அறிவிப்பு அங்கேயேதான் இருக்கிறது. புதிதாக லேமினேட் செய்திருக்கிறீர்கள். ஆகையால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. யாரிடம் பேசுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், அது போதும். குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை வேறு எந்தச் சுவரிலாவது இப்படி ஓர் அறிவிப்பு தொங்கினால், அவரவர் சுவரை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "விவரம் தெரியாத உறவினர்" என்று ஒதுக்கிவிட வசதியாகிவிடும். இந்த மாவட்டத்துப் பெண்கள் பலரையும் போல நர்சிங் படித்துவிட்டு வளைகுடாவுக்குப் போனவள் நான். பத்தொன்பது ஆண்டுகள்; அதில் பதினான்கு ஆண்டுகள் இதய ஐ.சி.யூ.வில். ஊர் திரும்பிய பிறகும் மானிட்டரின் சத்தம் தூக்கத்தில் கேட்டு விழித்திருக்கிறேன். அந்தச் சத்தத்தை வெறுப்பதற்கு உங்களைவிட எனக்கு உரிமை அதிகம்.

அண்ணனுக்கு 63 வயது. குலசேகரம் பக்கம் நாற்பது ஆண்டுகளாக ரப்பர் பால்வெட்டு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூன்று மணிக்கே தோட்டத்தில் இறங்கிவிடுவார். அன்று விடியும் நேரத்தில் ஒரு மரத்தடியில் விழுந்து கிடந்தார். பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவர் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார். என்ன நடந்தது என்று கேட்டால், "கண்ணை மூடித் திறந்தேன், தரையில் கிடந்தேன்" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. முந்தைய இரண்டையும் அண்ணியிடம்கூட மறைத்திருந்தார்.

அவசரப் பிரிவில் எடுத்த இ.சி.ஜி.யில் துடிப்பு நிமிடத்துக்கு 52. சற்றுக் குறைவு, மற்றபடி குறையில்லை. ஆனால் ஒரு இ.சி.ஜி. தாள் இதயத்தின் பத்து நொடியைத்தான் காட்டும். ஒரு நாளில் மீதி 86,390 நொடிகள் இருக்கின்றன. காரணம் தெரியாமல் மயங்கி விழுகிறவருக்கு விடை பெரும்பாலும் அந்த மீதிக்குள்தான் ஒளிந்திருக்கும். உங்கள் டாக்டர் அதை அறிந்தவர். "இரண்டு நாள் மானிட்டரில் வைத்துப் பார்ப்போம்" என்றார். சரியான முடிவு.

முதல் நாள் பிற்பகலே பாதி விடை கிடைத்தது. ஏறத்தாழ இருபது நிமிடம் துடிப்பு 140-க்கு ஏறி, தாளம் தப்பி ஓடியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வார்டில் ஏ.எஃப். என்பார்கள். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்குவதை விட்டு நடுங்கத் தொடங்கிவிடும். கீழறைகளுக்குப் போகும் உத்தரவு கண்டபடி போவதால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எந்தக் கணக்கும் இருக்காது. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறையலாம். உறைந்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. பகல் நேரம், அலாரம் ஒலித்தது, சிஸ்டர் ஓடிவந்தார், டாக்டர் பார்த்தார், அச்செடுத்துக் கேஸ் ஷீட்டில் வைத்தார்கள்.

பிறகு மணி பத்தானது.

முதல் இரவு நான் தூங்கிவிட்டேன். ஒளிப்பதற்கு எதுவுமில்லை, நாள் முழுக்க அலைச்சல், எனக்கும் ஐம்பத்தெட்டு வயது. காலை ரவுண்ட்ஸில் இரவுக் குறிப்பைப் படித்தார்கள்: "இரவில் சிக்கல் ஏதுமில்லை." வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, மறுநாள் காலை டிஸ்சார்ஜ் என்று முடிவானது.

இரண்டாம் இரவு, மூன்று மணிக்குச் சற்று முன், அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். நாற்பது ஆண்டுப் பழக்கம் மருத்துவமனைக் கட்டிலில் மட்டும் விட்டுவிடுமா? "மக்களே, என் விளக்கை எங்கே வைத்தாய்?" என்று அரைத்தூக்கத்தில் கேட்டார். அந்தக் குரலில்தான் விழித்தேன். திரையில் மஞ்சள் எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. இதயத்துடிப்பு 164. விரல் கிளிப்பிலிருந்து வரும் நாடி 96. இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகாததே ஒரு செய்தி: இதயம் அடிக்கிறது, அடித்ததெல்லாம் விரல்வரை வந்து சேரவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன், தாளமே இல்லை. சட்டென்று பச்சைக் கோடு நேராகப் படுத்துக்கொண்டது. அண்ணன் தலையணையில் சாய்ந்தார், கண்கள் மேலே செருகின. திரையின் மேல்விளிம்பு சிவப்பாக எரிந்து எரிந்து அணைந்தது. சத்தம் இல்லை. என் வேலைக்காலத்தில் எத்தனையோ முறை என்னை ஓட வைத்த அந்த ஒலி வரவேண்டிய இடத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. "சிஸ்டர்" என்று கத்திக்கொண்டே நெஞ்சில் கையை வைத்து எண்ணினேன். ஆறு எண்ணியபோது ஒரு துடிப்பு வந்தது. பிறகு இன்னொன்று. அண்ணன் கண்ணைத் திறந்து, "எதற்கு நெஞ்சைப் பிடிக்கிறாய்?" என்றார்.

வெளியே ஓடினேன். மேசையில் ஆறு கட்டில்களையும் சேர்த்துக் காட்டும் மத்தியத் திரை எரிந்துகொண்டிருந்தது. அதிலும் எங்கள் கட்டம் சிவப்பு. அதன் முன்னால் நாற்காலி காலி. இரவில் அந்த மாடிக்கு ஒரே சிஸ்டர்: கண்காணிப்பு வார்டில் ஆறு பேர், எதிர் வார்டில் பதினாறு பேர். எதிர் வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு முதியவருக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மடலைக் காரணம் காட்டி அவருக்கு மெமோ கொடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் என் அடுத்த மடலில் இத்தனை பொறுமை இருக்காது. இருபத்திரண்டு பேரை ஒருவரால் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது; காதால் ஓரளவு முடியும். அந்தக் காதைத்தான் நீங்கள் அடைத்தீர்கள்.

டூட்டி டாக்டர் வந்தார். மானிட்டரின் பதிவுகளைத் திறக்கச் சொன்னேன். ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் அலாரங்களைத் தேதி, நேரம், இ.சி.ஜி. கோட்டோடு அது சேர்த்து வைத்திருந்தது. திறந்தோம். சற்று முன் இதயம் நின்றது 6.1 நொடி. அதற்குக் கீழே, முந்தைய இரவு, 2 மணி 51 நிமிடம்: 4.8 நொடி. "சிக்கல் ஏதுமில்லை" என்று காலையில் வாசித்தார்களே, அதே இரவு. சிஸ்டர் பொய் எழுதவில்லை. அவருக்குக் கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. நான் இரண்டு அடி தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

குழுவில் கட்டடமும் கணக்கும் பார்க்கிறவர்களுக்காக இதன் பொருளைச் சொல்கிறேன். இதயத்துக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது சைனஸ் முனை. வயதாக ஆக அது தளரலாம். ஏ.எஃப். ஓடும்வரை அது அடங்கிக் கிடக்கும்; ஏ.எஃப். நின்ற கணத்தில் பொறுப்பைத் திரும்ப எடுக்கவேண்டும். தளர்ந்த முனை உடனே எடுப்பதில்லை. அந்தச் சில நொடி இடைவெளியில்தான் அண்ணன் மரத்தடியில் விழுந்திருக்கிறார். இப்படிப்பட்டவருக்கு வேகத்தைக் குறைக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அந்த முனை மேலும் சோர்ந்து, இடைவெளி மேலும் நீளக்கூடும். கூரான கத்தியோடு இருட்டில் மரத்துக்கு மரம் நடக்கிற மனிதர் அவர். முதலில் பேஸ்மேக்கர், அதாவது துடிப்பு நின்றால் இதயத்தைத் தூண்டிவிடும் கருவி; அதன் பிறகே அந்த மாத்திரை. நான் பார்த்ததால் டிஸ்சார்ஜ் நின்றது. நான்காம் நாள் திருவனந்தபுரத்தில் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

இதை உங்கள் அதிகாரி ஒருவரிடம் நேரில் சொன்னேன். "ஒன்றும் ஆகவில்லையே அம்மா, நல்லபடியாகத்தானே முடிந்தது" என்றார். உண்மைதான். நோயாளி பால்வெட்டுகிறவர், மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். துணைக்கு இருந்தவள் பழைய ஐ.சி.யூ. நர்ஸ். அடுத்து அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவர் ஒரு தையற்காரராகவோ, மீன் விற்கிற அம்மாவாகவோ இருக்கலாம்.

இனி உங்கள் தரப்பு. சத்தம் பற்றிய புகார் பொய்யில்லை. அறிவிப்பு வந்த காரணமே நோயாளிகளின் குடும்பங்கள் எழுதிக் கொடுத்த புகார்கள்தான் என்று சொன்னார்கள், நம்புகிறேன். முதல் நாள் மாலை நானே எண்ணிப் பார்த்தேன். ஆறு கட்டில்கள், ஒரு மணி நேரம், 47 அலாரங்கள். உண்மையிலேயே யாராவது எழுந்து வந்திருக்க வேண்டியவை இரண்டு. இது உங்கள் வார்டின் நோய் மட்டுமில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் ஐந்து ஐ.சி.யூ.க்களில் 31 நாட்கள், 461 நோயாளிகளுக்கு ஒலித்ததும் ஒலிக்காததுமாக வந்த எல்லா அலாரங்களையும் எண்ணியது. 25 லட்சத்துக்கு மேல். தாளக்கோளாறு என்று வந்தவற்றில் 12,671-ஐ ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்ததில் 88.8 சதவீதம் பொய் அலாரம். உங்கள் அறிவிப்புக்கு இதைவிட வலுவான வக்கீல் கிடைக்கமாட்டார்; இலவசமாகவே தருகிறேன்.

என்னைப் பற்றியும் ஒன்று. நானும் திரையைப் பார்க்காமலேயே நிறுத்து பொத்தானை அழுத்தியிருக்கிறேன். ஒருமுறை இரண்டுமுறை அல்ல. பன்னிரண்டு மணி நேரப் பணியின் பதினோராவது மணியில் கை தானாகப் போகும். ஒருநாள் அப்படி அழுத்திய பிறகு, ஏதோ உறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அந்த நோயாளி பிழைத்தார். அந்த நாளை நான் யாரிடமும் அதிகம் பேசியதில்லை.

ஆனால் அதே அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாக அவர்களுக்கு வந்த சம்பவங்கள் 98; அவற்றில் 80 மரணங்கள். காரணங்களில் பொருத்தமில்லாத அளவுகள், எல்லா இடத்திலும் கேட்காத ஒலி, அணைக்கக்கூடாத அலாரத்தை அணைத்து வைத்தது எல்லாம் உண்டு. அந்தத் தாள் எங்கள் ஐ.சி.யூ. ஓய்வறையில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்தது. சுவரில் ஒட்டுவதற்கு அப்படியும் தாள்கள் உண்டு.

பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் இதய வார்டில் வேறு வழி பிடித்தார்கள். தானாக வந்து தானாக அடங்கும் சில்லறை ஒலிகளை நீக்கினார்கள். துடிப்பின் மேல்வரம்பு, கீழ்வரம்பு அலாரங்களை, ஆள் வந்து பார்த்தால்தான் நிற்கும் உயர் அலாரமாக்கினார்கள். அந்தந்த நோயாளிக்கு ஏற்ப வரம்பை மாற்ற இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து முடிவெடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். வாரத்துக்கு ஏறத்தாழ 88 ஆயிரமாக இருந்த ஒலிகள் 10 ஆயிரத்துக்கு இறங்கின. வார்டு அமைதியானது, அபாயமணி மட்டும் அபாயத்துக்கு அடித்தது.

உங்கள் வார்டில் சத்தத்துக்குக் காரணம் என்ன என்பதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். ஆறு மானிட்டர்களிலும் வரம்பு ஒன்றே: கீழே 50, மேலே 120. அண்ணனுக்குத் தூக்கத்தில் துடிப்பு 46-க்கு இறங்கும். ஆகவே பத்து மணிக்கு முன் அவர் கண்ணயர்ந்த போதெல்லாம் மானிட்டர் அலறியது. டாக்டரிடம் கேட்டு அவருக்கு மட்டும் 40 என்று மாற்ற அரை நிமிடம் ஆகும். இரண்டாம் கட்டில்காரரின் நெஞ்சில் மானிட்டர் வயரைப் பிடித்திருந்த ஸ்டிக்கர்கள் மூன்று நாள் பழையவை. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து, ஓரம் சுருண்டு, பசை காய்ந்து கிடந்தன. அவர் பல் துலக்கக் கையை ஆட்டும்போதெல்லாம் மானிட்டர் அதை உயிர்போகும் தாளமாகப் படித்தது. முடியை மழித்து, தோலைத் துடைத்துக் காயவைத்து, நாள்தோறும் புது ஸ்டிக்கர் ஒட்டுவதை நாங்கள் காலைக் குளியலோடு சேர்த்தே செய்துவிடுவோம். அது எந்த நாட்டிலும் பெரிய செலவில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். எதிர்க்கட்டில் மானிட்டரில் தாளக்கோளாறைக் கண்டறியும் வசதியையே அணைத்து வைத்திருந்தார்கள். அப்போது அது வெறும் எண்ணிக்கைக் கருவி. ஏ.எஃப். நிமிடத்துக்கு 90 என்ற கணக்கில் ஓடினால், எண் வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே பகலிலும் வாய் திறக்காது. மழையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் நான்காம் கட்டில் மானிட்டர் அணைந்தே போனது; பேட்டரி செத்திருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

எங்கள் ஊர் மாதா கோயிலில் பூசைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கிறது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது என்று சண்டைகூட வந்திருக்கிறது. சாவு மணி வேறு. ஒன்று அடித்து, நிறுத்தி, இன்னொன்று. எந்தத் தூக்கத்திலும் எங்களுக்கு அது தெரியும். பூசை மணியைப் பற்றிச் சண்டை போட்டவர்கள்கூட மணிக்கயிற்றை அறுக்கச் சொன்னதில்லை.

உங்கள் பில்லில் "மானிட்டர் கட்டணம்" என்று ஒரு வரி இருந்தது. நாளொன்றுக்கு 800 ரூபாய். இரவின் எட்டு மணி நேரத்துக்குத் தள்ளுபடி எதுவும் காணவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை, கணக்கைச் சுட்டிக்காட்டுகிறேன்.

நான் கேட்பவை இவை. அந்த அறிவிப்பை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். துடிப்பு நின்றுபோதல், கீழறைகளே நடுங்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், மிகை வேகம், மிகைத் தாழ்வு ஆகியவற்றுக்கான சிவப்பு அலாரத்தை எந்த நேரத்திலும் எவரும் அணைக்க முடியாதபடி பாஸ்வேர்டு போட்டு வையுங்கள்; அதன் ஒலி எதிர் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கிறதா என்று இரவில் ஒருவரை அங்கே நிறுத்திச் சோதியுங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் மற்ற ஒலிகளைக் குறைப்பதற்கு உங்கள் இதய டாக்டரும் மூத்த சிஸ்டர்கள் இருவரும் உட்கார்ந்து முடிவெடுக்கட்டும்; நிர்வாக அறையிலிருந்து அது வர வேண்டாம். ஒவ்வொரு நோயாளிக்கும் அலாரத்தின் வரம்பை டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், பணி மாறும்போது சிஸ்டர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். ஸ்டிக்கர் தினமும் மாற வேண்டும். ஆறு மானிட்டர்களிலும் தாளக்கோளாறு கண்டறியும் வசதியை இயக்கி, பேட்டரிகளைச் சோதித்து, தேதியை மானிட்டரின் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

காலை ரவுண்ட்ஸுக்கு முன் மானிட்டரின் இரவுப் பதிவுகளை யாராவது ஒருவர் திறந்து பார்த்த பிறகே "சிக்கல் ஏதுமில்லை" என்று எழுத வேண்டும். கண்காணிப்பு வார்டுக்கு இரவில் தனியாக ஒரு சிஸ்டர் வேண்டும். எதிர் வார்டின் பதினாறு பேரும் அவர் தலையில் கூடாது.

அந்த அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து இன்றுவரை அந்த ஆறு மானிட்டர்களிலும் இரவு நேரத்தில் பதிவாகி, யாரும் பார்க்காமல் போன சிவப்பு அலாரங்களில் இன்னும் அழியாமல் இருப்பவற்றை எடுத்து, அந்த நோயாளிகளை அழைத்துச் சொல்லுங்கள். அவர்களில் யாராவது மயக்கத்துக்குக் காரணம் தெரியாமல், வேகம் குறைக்கும் மாத்திரையோடு வீட்டில் இருக்கலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் கேட்கிறேன். என் முகவரி நாற்பது நாட்களுக்கு முன் கொடுத்த புகாரில் இருக்கிறது.

மூன்றாம் மாடி, 5-ஆம் கட்டில் நோயாளியின் தங்கை